மேக்கும் விண்டோஸும் கலந்த ஆபீஸில் பேக்கப் மென்பொருளை அப்டேட் செய்வது எப்படி?

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தவரை இதுதான். சிவகாசியில் அச்சகம். டிசைனர்களிடம் 5 மேக். கணக்கு, எஸ்டிமேட், பில்லிங் பக்கம் 8 விண்டோஸ். மூலையில் ஒரு விண்டோஸ் சிஸ்டத்தில் பேக்கப் சர்வர் மென்பொருள், மற்ற 13 கம்ப்யூட்டரிலும் ஃபைல்களை அதற்கு அனுப்பும் துணை மென்பொருளான கிளையன்ட், எல்லாம் போய்ச் சேர்வது நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டியான ஒரு நாஸில். ஓடுவதை ஏன் கலைப்பானேன் என்று 3 வருடமாக எதையும் அப்டேட் செய்யவில்லை. போன மாதம் ஒரு டிசைனர் தன் மேக்கைப் புது ஓஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டார். அதற்குப் பிறகும் அந்த மேக்குக்குத் தினமும் பச்சை டிக் வருகிறது. ஆனால் பேக்கப் அளவு 410 ஜிபியிலிருந்து 160 ஜிபிக்கு இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக அப்டேட் செய்துவிடலாமா, எதை முதலில் தொடுவது என்று கேட்கிறீர்கள்.

ஒரேயடியாக வேண்டாம். அதற்கும் முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பேக்கப் சர்வரைத் திறந்து, பழைய பிரதிகளைத் தானாக அழிக்கும் விதியை அந்த ஒரு மேக்குக்கு மட்டும் நிறுத்திவையுங்கள். ரிட்டென்ஷன் என்றோ குரூமிங் என்றோ பெயர் இருக்கும். பல ஆபீஸ்களில் 30 நாள் அல்லது 60 நாள் என்று வைத்திருப்பார்கள். உங்களிடம் உள்ள கடைசி முழுப் பேக்கப் போன மாதத்துடையது. தினமும் ஓடும் அரைகுறைப் பேக்கப்கள் சேரச் சேர, அந்த நல்ல பிரதிக்கு வயதாகி, ஒருநாள் விதிப்படி அழிந்துபோகும். அன்றைக்கும் பச்சை டிக் தான் வரும்.

அப்புறம் அந்த மேக்கின் முன்னால் போய் உட்காருங்கள். சர்வரிலிருந்து பார்த்தால் இது தெரியாது. சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் ஃபுல் டிஸ்க் அக்செஸ், அதாவது டிஸ்க் முழுவதையும் படிக்கும் அனுமதி. அங்கே மென்பொருள்களின் பட்டியல் வரும். உங்கள் பேக்கப் கிளையன்ட் அதில் இல்லாமல் இருக்கலாம். இருந்தும் சுவிட்ச் அணைந்திருக்கலாம். மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் ஆளைச் சுற்றவிடும்: சுவிட்ச் நீலமாக எரிந்துகொண்டிருக்கும், ஆனாலும் அனுமதி வேலை செய்யாது. மேக்ஓஎஸ் ஒரு மென்பொருளைப் பெயரை வைத்து மட்டும் நம்புவதில்லை. அதைத் தயாரித்த நிறுவனம் போட்ட டிஜிட்டல் கையெழுத்தையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்கிறது. நடுவில் கிளையன்டின் கையெழுத்தோ, அது உட்கார்ந்திருக்கும் இடமோ மாறியிருந்தால், பட்டியலில் உள்ள பழைய பதிவு யாருக்கும் உதவாது. கழித்தல் குறியை அழுத்தி அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள், கூட்டல் குறியை அழுத்தி மறுபடி சேருங்கள், மேக்கை ரீஸ்டார்ட் செய்து பேக்கப்பை ஓட்டிப் பாருங்கள். டிசைனர்களின் வேலை முக்கால்வாசி டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும்தான் கிடக்கும். காணாமல் போன 250 ஜிபி அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஏன் பிழை என்று சிவப்பில் காட்டாமல் பச்சை காட்டியது? கிளையன்ட் ஃபோல்டரைத் திறக்கப் போனது, மேக்ஓஎஸ் கதவைச் சாத்தியது, திறக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கிளையன்ட் திரும்பி வந்தது. கதவு சாத்தியிருந்தால் கத்த வேண்டும் என்று அந்தப் பழைய வெர்ஷனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இந்த இடத்தில் 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் பெரிய தளம். இரவு நேரத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபி மிஞ்சியபோதுதான் கட்டளையை நிறுத்தினார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. அவர்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6. அதைப் பிரதி எடுக்க ஓடிய கருவியோ 9.2. வெர்ஷன் ஒத்துப்போகாததால் அந்தக் கருவி ஒவ்வொரு முறையும் பிழை சொல்லி நின்றிருக்கிறது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சலும் போயிருக்கிறது, ஆனால் அதில் முறையான கையொப்பம் இல்லை என்று மெயில் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. தற்செயலாக ஒருவர் 6 மணி நேரம் முன்பு சோதனைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. இத்தனையையும் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். உங்கள் 160 ஜிபி பேக்கப்பும் இதே குடும்பம்தான். பிரதி எடுக்கும் கருவி நின்ற இடத்திலேயே நின்றது, அது படிக்க வேண்டிய சிஸ்டம் முன்னால் போய்விட்டது.

அதனால் பேக்கப் மென்பொருளில் புது வசதி என்ன வந்திருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு இரண்டாம்பட்சம். அது உங்கள் 13 கம்ப்யூட்டர்களின் ஓஎஸ்ஸோடு கூடவே நடக்கிறதா என்பதுதான் கேள்வி. மேக்கில் இந்த நடை வேகமானது. 2017இல் ஹை சியரா என்ற மேக்ஓஎஸ் வெர்ஷன் வந்தபோது டிஸ்க்கின் ஃபைல் அமைப்பே ஏபிஎஃப்எஸ் என்று மாறியது. 2018இல் மொஹாவி, மெயிலும் மெசேஜும் அனுமதி இல்லாமல் படிக்க முடியாது என்றது. 2019இல் காட்டலினா டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் டவுன்லோட்ஸையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது, 32 பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்தியது. 2020இல் பிக் சர் சிஸ்டம் பகுதிக்கு முத்திரை வைத்தது. வெளி டிஸ்க்கில் அப்படியே பூட் ஆகும் நகல் எடுக்கும் பழக்கம் அதோடு ஆட்டம் கண்டது. 2022இல் வென்சுரா, பின்னணியில் ஓடும் மென்பொருள்களை ஒரு சுவிட்சில் அணைத்துவிடும்படி ஒரு பட்டியலை லாகின் ஐட்டம்ஸில் வைத்தது. 2024இல் செக்கோயா, ஆபீஸ் நெட்வொர்க்கைத் தொடவே ஆப்களுக்குத் தனி அனுமதி கேட்டது. கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒரு கதவு. விண்டோஸ் இப்படி வருடா வருடம் கதவு வைப்பதில்லை. அதன் தொல்லை வேறு மாதிரி, பின்னால் சொல்கிறேன்.

சரி, அப்டேட்டின் வரிசைக்கு வருவோம். ஒரு நோட்டில் 13 வரி போடுங்கள். எந்த கம்ப்யூட்டர், எந்த ஓஎஸ், எந்த கிளையன்ட் வெர்ஷன், கடைசி பேக்கப் எத்தனை ஜிபி. ஆப்பிளின் சொந்த எம் வரிசை சிப் உள்ள மேக்குகளில் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து, கைண்ட் என்ற பத்தியில் உங்கள் கிளையன்டுக்கு நேரே ஆப்பிள் என்று இருக்கிறதா இன்டெல் என்று இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இன்டெல் என்றிருந்தால் அது ரோசெட்டா என்ற மொழிபெயர்ப்பாளரின் தயவில் ஓடுகிறது. மேக்ஓஎஸ் 27 வரைதான் ரோசெட்டா முழுமையாக இருக்கும் என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. 3 வருடப் பழைய கிளையன்ட் என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பிறகு மென்பொருள் நிறுவனத்தின் தளத்தில், புது வெர்ஷன் எந்தெந்த ஓஎஸ்களை ஆதரிக்கிறது என்ற பட்டியலை இந்த 13 வரியோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத கம்ப்யூட்டர் எப்படியும் ஒன்றிரண்டு இருக்கும். அவற்றுக்குத் தனி வழி.

முதலில் அப்டேட் ஆக வேண்டியது சர்வர். கிளையன்ட் பிறகு. ஓஎஸ் கடைசி. உங்கள் டிசைனர் செய்தது இதற்கு நேர் தலைகீழ். புது சர்வர் பழைய கிளையன்டோடு பேசும்படிதான் பெரும்பாலான நிறுவனங்கள் எழுதுகின்றன. பழைய சர்வரின் முன் புது கிளையன்டை நிறுத்தினால், அது பேசும் பாஷை இதற்குப் புரியாமல் போகலாம். சர்வரைத் தொடும் முன் அதன் செட்டிங்ஸ் ஃபைலையும், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கேட்டலாகையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். புது வெர்ஷன் கேட்டலாகைத் தன் அமைப்புக்கு மாற்றிவிட்டால் பழைய வெர்ஷன் அதைத் திறக்காது, திரும்பும் பாதை அடைந்துவிடும். இப்போது இருக்கும் வெர்ஷனின் இன்ஸ்டாலரையும் லைசன்ஸ் எண்ணையும் ஒரு பென்டிரைவில் போட்டு, அச்சகத்தின் பத்திரங்கள் இருக்கும் பீரோவிலேயே வையுங்கள். 3 வருட இடைவெளி என்றால் சில மென்பொருள்கள் ஒரே தாவலில் போக விடாது. நடுவில் ஒரு வெர்ஷனில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். பெரிய வெர்ஷன் மாற்றத்துக்கு லைசன்ஸ் காசும் கேட்கலாம். முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சர்வர் முடிந்து இரண்டு இரவு பேக்கப் ஒழுங்காக ஓடிய பிறகு ஒரு விண்டோஸ், ஒரு மேக். அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து மற்றவை. கிளையன்ட் மாறியதும் முதல் பேக்கப் வழக்கத்தைவிடப் பெரிதாக வரலாம், சனிக்கிழமை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் கிளையன்டுகளை சர்வரில் உட்கார்ந்தபடியே அப்டேட் செய்துவிடலாம். மேக்கையும் செய்யலாம் என்றுதான் மெனு சொல்லும், செய்யவும் செய்யும். அங்கேதான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். மதுரையில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆபீஸில் 4 மேக் கிளையன்டுகளையும் சர்வரிலிருந்தே அப்டேட் செய்துவிட்டு, நான்கிலும் டிக் வந்ததைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் போன் செய்தார். "அண்ணே, பழைய கஸ்டமர் மெயில் ஒன்னு அழிஞ்சிருச்சு, எடுத்துக் கொடுங்க" என்றார். பேக்கப்பில் மெயில் ஃபோல்டர் இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. நான்கு மேக்கிலும் அதே கதை. ஃபுல் டிஸ்க் அக்செஸை அந்தந்த மேக்கின் முன் உட்கார்ந்து, அட்மின் பாஸ்வேர்டு போட்டு, ஒரு ஆள்தான் கொடுக்க வேண்டும். எல்லா மேக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் எம்டிஎம் வசதி இருந்தால் அங்கிருந்தே அனுமதியை அனுப்பலாம், ஆனால் 5 மேக்குக்கு அது கொசுவை அடிக்கப் பீரங்கி வாங்குவது போல. எழுந்து நடந்து போய் ஐந்தையும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். போகும்போது லாகின் ஐட்டம்ஸில் பின்னணி அனுமதியும், லோக்கல் நெட்வொர்க் அனுமதியும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் பக்கம். அங்கே ஃபைலைப் படிக்க அனுமதி இல்லாமல் போவது அபூர்வம். திறந்திருக்கும் ஃபைல்தான் பிரச்சினை. டேலி ஓடிக்கொண்டிருக்கும், அவுட்லுக் திறந்தே கிடக்கும். எக்ஸ்பி காலத்திலிருந்து விண்டோஸில் விஎஸ்எஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நொடியில் டிஸ்க்கின் நிலையை உறையவைத்து, அந்த உறைந்த நிலையிலிருந்து பேக்கப் மென்பொருளைப் படிக்கவிடும். அப்டேட்டுக்குப் பிறகு இது நொண்டலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, விஎஸ்எஸ்அட்மின் என்ற கட்டளையில் லிஸ்ட் ரைட்டர்ஸ் கேளுங்கள். நீளமாக ஒரு பட்டியல் ஓடும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஸ்டேபிள், நோ எரர் என்று இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று ஃபெயில்ட் என்றால் முதல் மருந்து ரீஸ்டார்ட். அதற்கும் மசியவில்லை என்றால், அந்த சிஸ்டத்தில் யாரோ எப்போதோ போட்டுப் பார்த்துவிட்டு மறந்துபோன இன்னொரு பேக்கப் மென்பொருள் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே விஎஸ்எஸ்ஸுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் கிடைக்காது. டேலிக்கு நான் இதை மட்டும் நம்புவதில்லை. கணக்குப் பார்க்கும் அக்கா மாலையில் கம்பெனியை மூடும் முன் டேலியின் சொந்த பேக்கப்பை ஒரு ஃபோல்டரில் எடுக்கட்டும், அந்த ஃபோல்டரையும் இரவு பேக்கப் அள்ளிக்கொண்டு போகட்டும்.

விண்டோஸின் இன்னொரு குணம், எடுக்கும்போது சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு, திருப்பிப் போடும்போது முறைக்கும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரைத் தடுக்க வைத்த கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்செஸ் ஆன் ஆகியிருந்தால், டாக்குமென்ட்ஸுக்குள் எழுத வரும் புது கிளையன்டைத் திருடன் என்று நினைத்துத் தடுக்கும். அதைவிடப் பெரியது பூட் செய்யும் ரெஸ்க்யூ பென்டிரைவ். சிஸ்டம் மொத்தமாகப் படுத்தால் அதைச் சொருகித்தான் எழுப்ப வேண்டும். 3 வருடத்துக்கு முன்னால் செய்த பென்டிரைவ் இன்று எழும்பாமல் போகலாம். 2023இல் பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல் பழைய பூட் ஃபைல்களின் ஓட்டை வழியாக நுழைந்ததால், பூட் ஃபைல்களைச் சோதித்து அனுமதிக்கும் செக்யூர் பூட், அப்படிப்பட்ட பழைய ஃபைல்களைப் படிப்படியாக ஒதுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அதோடு, செக்யூர் பூட்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களுக்கு 2026 ஜூனிலிருந்து காலாவதி ஆரம்பம். எனவே கிளையன்டை அப்டேட் செய்ததும் ரெஸ்க்யூ பென்டிரைவைப் புதிதாகச் செய்து, ஒரு சிஸ்டத்திலாவது சொருகி, அது எழும்பி நாஸைப் பார்க்கிறதா என்று கண்ணால் பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் ரெகவரி கீயையும் அச்சடித்து அதே பீரோவில் வையுங்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 வெர்ஷனிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், யாரும் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டுவிடுகிறது. சாவி எங்கே என்று அப்புறம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அதே 24எச்2 நாஸோடும் ஒரு வம்பு பண்ணும். பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக நாஸைத் திறந்து வைத்திருந்தால் புரோ எடிஷன் உள்ளே போக மறுக்கும். வெளியே கேட்டால், விண்டோஸில் பாதுகாப்பைக் குறைத்து ஒரு செட்டிங்கை மாற்றச் சொல்வார்கள். செய்யாதீர்கள். நாஸில் பேக்கப்புக்கென்று தனி யூசர், நல்ல பாஸ்வேர்டு போடுங்கள், அதை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நாஸ் பெட்டிக்குள் ஓடுவதும் மென்பொருள்தான், அதற்கும் அப்டேட் உண்டு என்பதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற ரேன்சம்வேர் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்தது. ஃபைல்களை 7-ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டுக் கட்டிவைத்து 0.01 பிட்காயின் கேட்டது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, அந்தப் பெட்டியின் பேக்கப் ஆப்பிலேயே இருந்த ஓட்டை. அதே வருடம் ஜூனில், 2015க்குப் பிறகு அப்டேட்டே வராத வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் டிஸ்க்குகள் உலகம் முழுக்க இன்டர்நெட் வழியாகத் துடைக்கப்பட்டன. சர்வர் பக்கமும் அப்படித்தான். வீம் என்ற பேக்கப் மென்பொருளில் 2024 செப்டம்பரில் அடைத்த ஒரு ஓட்டையை, அப்டேட் செய்யாமல் விட்டவர்களிடம் அகிரா, ஃபாக் கும்பல்கள் பயன்படுத்தின. பேக்கப் சர்வரிடம் எல்லா கம்ப்யூட்டரின் சாவியும் இருக்கிறது, திருடன் நேரே அங்கேதான் வருவான். அதனால் வசதிக்கான அப்டேட்டை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள், தப்பில்லை. பாதுகாப்பு அப்டேட் என்று தலைப்பில் இருந்தால் ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள்.

இனி உங்கள் தொழிலுக்கே உரிய இரண்டு விஷயம். மேக்கில் பழைய டைப் 1 ஃபான்ட்கள், அதுவும் பழைய தமிழ் ஃபான்ட்கள், வைத்திருக்கிறீர்களா? அவற்றின் சரக்கு ஃபைலின் சாதாரணப் பகுதியில் இருக்காது, ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற மறைவான இணைப்பில் இருக்கும். மேக்கைச் சரியாக அறியாத ஒரு வழியில் அது விண்டோஸ் பக்கம் போய்த் திரும்பினால், ஃபான்ட் ஃபோல்டரில் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கும், அளவு மட்டும் ஒவ்வொன்றுக்கும் 0 கேபி. பெட்டி இருக்கிறது, உள்ளே சேலை இல்லை. சில நாஸ்களில் இந்த இணைப்பு, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த தனிக் குட்டி ஃபைலாக உட்கார்ந்திருக்கும். விண்டோஸிலிருந்து பார்ப்பவர் குப்பை என்று அழித்துவிடுவார். உங்கள் ஆபீஸில் ஏற்கெனவே யாராவது அழித்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, தமிழில் வைத்த ஃபைல் பெயர்கள். 'பொங்கல்' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விண்டோஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். பழைய மேக் டிஸ்க் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் அதை இரண்டாகப் பிரித்துத்தான் எழுதும், புது ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைக்கும். பேக்கப் மென்பொருள் இதைச் சமாளிக்கவில்லை என்றால், ஒரே ஃபோல்டரில் 'பொங்கல் ஆல்பம்' இரண்டு இருக்கும், அல்லது ஒன்று காணோம் என்று லாக்கில் வரும். எது உண்மை என்று திறந்து பார்க்காமல் எதையும் அழிக்க வேண்டாம். மேக்காரர்கள் ஃபைல் பெயரில் கேள்விக்குறியும் சாய்கோடும் போடுவதும் விண்டோஸுக்கு ஒத்துவராது, அதையும் சொல்லிவையுங்கள்.

இதனால்தான் ஒவ்வொரு மேக்கிலும், ஒவ்வொரு விண்டோஸிலும் 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் வைக்கச் சொல்கிறேன், மேக்கில் டெஸ்க்டாப்பிலேயே. அதில் ஒகரம் வரும் தமிழ்ப் பெயரில் ஒரு ஃபைல், 4 ஜிபிக்கு மேல் ஒரு பெரிய ஃபைல், மேக்கானால் ஒரு பழைய ஃபான்ட். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு மறுநாள் காலையில் அந்த ஃபோல்டரையும், மேக்கில் ஒரு மெயிலையும், வேறொரு கம்ப்யூட்டருக்கு ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. திறந்தால் நோட்டில் தேதி போடுங்கள். சர்வரின் பச்சை டிக்கை நான் நோட்டில் எழுதுவதே இல்லை.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிள் புது மேக்ஓஎஸ்ஸை செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் வெளியிடுகிறது. உங்களுக்கு ஆடி 18 அன்று காலண்டர் ஆல்பம் வெளிவந்தால், அப்புறம் டிசம்பர் கடைசிவரை மூச்சுவிட நேரம் இருக்காது. சரியாக அந்த நெருக்கடியில் டிசைனரின் திரையில் 'இப்போதே அப்கிரேட் செய்' என்று வரும். சிஸ்டம் செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் போய், பெரிய மேக்ஓஎஸ் மாற்றம் தானாக நடப்பதை அணையுங்கள், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஆனில் விடுங்கள். ஓஎஸ் மாற்றமெல்லாம் பொங்கலுக்குப் பிறகு. அதற்குள் பேக்கப் நிறுவனமும் தன் கிளையன்டைச் சரிசெய்திருக்கும். 2024 டிசம்பரில் வந்த செக்கோயா 15.2 போல, சின்ன அப்டேட்டே பூட் ஆகும் நகல் எடுக்கும் கருவிகளை முடக்கிய சந்தர்ப்பமும் உண்டு, எனவே ஒரு மேக்கில் போட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றில். எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், 15க்கு அடுத்தது 26 என்று ஆப்பிளே தாவிவிட்டது. விண்டோஸின் மாதாந்தரத் திருத்தம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகி, நமக்குப் புதன்கிழமை காலையில் இறங்கியிருக்கும். பிளேட் போடும் அவசரம் இருக்கும் வாரத்தில் சில நாள் நிறுத்திவைத்துக்கொள்ளலாம்.

கடைசியில், புது வெர்ஷன் ஆதரிக்கும் ஓஎஸ் பட்டியலில் இல்லாத கம்ப்யூட்டர்கள். அச்சுத் தகடு செய்யும் பிளேட் செட்டரோடு கட்டிப்போட்ட விண்டோஸ் 7 ஒன்று உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. புது டிஜிட்டல் கையெழுத்துகளைப் புரியவைக்கும், 2019இல் வந்த ஷா-2 திருத்தம் அதில் இல்லை என்றால் புது கிளையன்ட் இன்ஸ்டாலே ஆகாமல் போகலாம். போராட வேண்டாம். அதை ஏற்றுக்கொள்ளும் கடைசி கிளையன்ட் வெர்ஷனோடு விட்டுவிடுங்கள், இன்டர்நெட்டிலிருந்து பிரித்துவிடுங்கள், டிஸ்க் முழுவதையும் ஒரு இமேஜ் எடுத்து வெளி டிஸ்க்கில் வையுங்கள். அதில் தினமும் மாறுவது எதுவும் இல்லை. விண்டோஸ் 10 சிஸ்டங்களுக்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, பேக்கப் நிறுவனங்களும் மெல்ல மெல்ல அதைக் கைவிடும்; பட்ஜெட்டில் முதலில் அவற்றைச் சேருங்கள். இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டஹோ 26 தான் கடைசி நிறுத்தம்.

இத்தனை மாற்றமும் நடக்கும் வாரங்களில் 5 மேக்குக்கும் ஆளுக்கு ஒரு வெளி டிஸ்க் வாங்கி, மேக்கின் சொந்த பேக்கப்பான டைம் மெஷினை ஓடவிடுங்கள். 2007இலிருந்து ஓஎஸ்ஸோடேயே வருவது, தனியாக அப்டேட் தேவையில்லை. ஆப்பிளின் பழைய பேக்கப் பெட்டியான டைம் கேப்ஸ்யூல் கிடக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். 2018இலேயே அதை நிறுத்திவிட்டார்கள், அது பேசும் ஏஎஃப்பி நெறிமுறையையும் மேக்கிலிருந்து எடுக்கப்போவதாக ஆப்பிள் அறிவித்துவிட்டது.

முதலில் அந்த ஒரு மேக்கில் அனுமதியைச் சரிசெய்து இன்று இரவு ஓட்டிவிட்டு, நாளை அளவு எவ்வளவு என்று எழுதுங்கள். 400 ஜிபி பக்கம் வரவில்லை என்றால், கிளையன்டின் பெயரையும் வெர்ஷனையும், அதன் லாக்கில் அனுமதி மறுப்பு என்று வரும் வரிகளில் பத்தையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த ஃபோல்டர் என்று தெரிந்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.